சிங்கப்பூர் மாதிரி இவ்வளவு சின்னத் தீவில் நீர்ப்பூச்சிகளின் மரபணு இடத்துக்கு இடம் மாறுமா?

கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர்தான், இதில் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவனாக இருந்தபோது ஓர் ஆய்வுக்கூடத்தில் பூச்சி பிரிக்கும் பகுதிநேர வேலை பார்த்தவன் நான். என் பதில்: கிலோமீட்டரை விட்டுவிட்டு, பூச்சி எப்படிப் பயணம் போகிறது என்று பாருங்கள்.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரையில் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றினால் அம்மா ‘தும்பி பறந்தால் தூரத்தில் மழை’ என்பார். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பது பான்டாலா ஃபிளாவசென்ஸ் என்ற மஞ்சள் தட்டான். மழைநீர்க் குட்டையில் முட்டையிடும், குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து கிளம்பிவிடும். இந்தியப் பெருங்கடலையே தாண்டுகிறது. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்கக் கண்டங்கள், இந்தியா, ஜப்பான், கொரியா எனப் பல இடத்துத் தட்டான்களின் மரபணுவை ஒப்பிட்டார்கள். எல்லாம் கலந்து ஒரே கூட்டம் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவில் ஒதுங்கிப்போன இதே தட்டானில் மரபணுப் பன்மை குறைந்து, ஒரு தனிச்சாயல் வந்திருக்கிறது. நாடோடியும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் மாறத்தான் செய்கிறது.

இதற்கு நேர் எதிர், கடிக்காத சிறுகொசுக்கள். பிடோக் நீர்த்தேக்கத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சில மாலைகளில் விளக்கைப் போட்டால் சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும். இங்குள்ள நீ சூன் (Nee Soon) சதுப்புக் காட்டில் 14,000-க்கும் மேற்பட்ட சிறுகொசுக்களை மரபணு வரிசையை வைத்துப் பிரித்தபோது ஏறக்குறைய 300 இனங்கள் வந்தன. பக்கத்து நீர்த்தேக்கங்களில் வாழும் இனங்களோ பெரும்பாலும் வேறு. நடந்தே போய்விடலாம், ஆனாலும் கலக்கவில்லை. சரி, இது இனங்களுக்கு இடையிலான வேறுபாடு, ஒரே இனத்துக்குள் இருப்பதல்ல. இருந்தாலும் தூரம் என்பதைப் பூச்சி எப்படி அளக்கிறது என்று புரியும்.

நமக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள ஜோகூர் நீரிணை பூச்சிகளைப் பிரித்திருக்குமே என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்ரா, போர்னியோ எல்லாம் சிங்கப்பூரோடு ஒரே நிலம். வழக்கமாக ஒப்பிடும் மரபணுத் துண்டில் 658 எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்). பூச்சிகளில் இரு கிளைகள் பிரிந்தால் பத்து லட்சம் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு எழுத்து மாறும் என்பது தோராயக் கணக்கு. நீரிணை வந்ததோ அந்த 20,000 ஆண்டுகளுக்குள்தான், அதன் பிறகு ஓர் எழுத்து மாறியிருந்தாலே அதிகம். ஜோகூர்ப் பூச்சிக்கும் நம் பூச்சிக்கும் பத்து எழுத்து வித்தியாசம் இருந்தால், அந்தப் பிரிவு நீரிணையை விடப் பல மடங்கு பழையது.

1819-ல் ஆங்கிலேயர் வந்த பிறகு இங்கே 95 விழுக்காட்டுக்கும் மேல் காடு போய்விட்டது. அதுவும் புது எழுத்துகளாகத் தெரியாது. இருந்த வகைகள் குறைந்துபோனதாகத்தான் தெரியும். பழைய அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

இன்னொன்று. நான் சொன்ன 658 எழுத்துத் துண்டு தாய்வழியில் மட்டும் வருவது. பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் (நம் ஊர் டெங்கிக் கொசு விஷயத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள்) தாய்வழியில்தான் பரவும். அது ஓர் இனத்தில் வேகமாகப் பரவினால் ஒரே தாய்வழி மட்டும் பெருகி, பழைய பிரிவுகளே இல்லாத கூட்டம் மாதிரிக் காட்டிவிடும். அதனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவையும் பாருங்கள்.

பள்ளித் திட்டப்பணிக்கு என்றால் மஞ்சள் தட்டானை எடுக்காதீர்கள், ஒன்றும் தேறாது. காட்டோடையை விட்டு நகராத ஊசித்தட்டான் ஏதாவது பாருங்கள். அப்புறம், இயற்கை வனப்பகுதியில் வலையை எடுப்பதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வாங்கிவிடுங்கள்.