கடித்தது பக்கத்து வீட்டு நாய், ஆடு ஆடிக் கூழுக்குச் சொன்னது

கேள்வி: ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் வெருலம் பக்கம் இரண்டு ஏக்கரில் கத்தரியும் மிளகாயும் போட்டு, கூடவே பதினொரு ஆடு வளர்க்கிறேன். போன வியாழன் விடியற்காலையில் பக்கத்து வீட்டு நாய் இரண்டும் வேலிக்கு அடியில் புகுந்து மூன்று ஆட்டைக் கொன்றுவிட்டன. இரண்டு கடிபட்டுப் பிழைத்திருக்கின்றன. நாய்க்காரரைக் கேட்டால், "கேட்டை யாரோ திறந்து போட்டுப் போய்விட்டார்கள், நான் என்ன செய்ய" என்கிறார். ஆடிக் கூழ் ஊற்ற இரண்டு வீட்டுக்கு ஆடு தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கடிபட்டதைக் கொடுக்கலாமா? நாய் மறுபடி வந்தால் விஷம் வைப்பது தப்பா?

பதில்: தம்பி, நாய்க்காரர் மேல் இருக்கிற கோபத்தை ஒரு நாள் ஒத்திப் போடுங்கள். முதலில் அந்த இரண்டு ஆட்டையும் பார்ப்போம். நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்க்கடி என்றாலே ரேபிஸ் என்று நினைத்துத்தான் நடக்க வேண்டும். இங்கே நாய்களிடையே அந்த நோய் அடங்காமல் இருந்துகொண்டே இருக்கிறது. உங்கள் பகுதி அரசு கால்நடை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். இது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்.

கையுறை போட்டுக்கொண்டு ஆட்டைப் பிடியுங்கள். கடி மேலே தெரியாது, மயிர் மூடியிருக்கும். பின்னந்தொடையின் உள்பக்கம், காது, வயிற்றோரம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாக ஒட்டினால் அங்கே ஓட்டை இருக்கிறது. சுற்றிலும் மயிரைக் கத்தரித்துவிட்டு, சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவுங்கள். அப்புறம் போவிடோன் அயோடின் தடவலாம். பல் பதிந்த ஓட்டையைத் தைத்து மூடிவிடாதீர்கள், உள்ளே சீழ் கட்டும். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் விட்டால் புழு வைத்துவிடும். ஊசி மருந்தை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வியாழக்கிழமை கையுறை இல்லாமல் ஆட்டைத் தொட்டீர்களா? கையில் கீறல், மிளகாய் பறித்த வெடிப்பு ஏதாவது இருந்ததா? இருந்தால் ஆட்டை விட்டுவிட்டு முதலில் நீங்கள் கிளினிக்குக் கிளம்புங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு மனிதனைக் காப்பாற்ற வழியில்லை. அறிகுறி வருவதற்கு முன் தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம்.

கடிபட்ட இரண்டையும் தனிப் பட்டியில் அடையுங்கள். ரேபிஸ் வருவதானால் சில வாரத்திலும் வரும், மாதக்கணக்கிலும் இழுக்கும். எத்தனை நாள் கண்காணிப்பது என்பதை டாக்டர் சொல்வார். குரல் கரகரப்பாகி ஓயாமல் கத்துவது, எச்சில் ஒழுகுவது, தண்ணீரை விழுங்க முடியாமல் திணறுவது, காரணமில்லாமல் முட்டுவது, இவைதான் அடையாளம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அனுபவமுள்ள ஆட்டுக்காரர்களே இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இதிலேயே உங்கள் ஆடிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. கடிபட்டதைக் கொடுக்காதீர்கள். செத்த மூன்றையும் வேலையாட்கள் கறிக்குக் கேட்டிருப்பார்கள், கொடுக்கவே வேண்டாம். டாக்டர் பார்த்த பிறகு ஆழமாகப் புதையுங்கள். கூழ் ஊற்றுகிற வீட்டில் உள்ளதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆத்தாளுக்குக் குறையுள்ள ஆட்டை யார் கொடுப்பார்கள்? கடிபடாத ஆறில் இரண்டைக் கொடுப்பதாக இருந்தாலும், நகர்த்துவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2021 மே மாதம் நம் மாகாணத்தில் கோமாரி தலைகாட்டியதிலிருந்து, குளம்பு பிளந்த மாடு, ஆடு, பன்றியை நகர்த்துவதில் கட்டுப்பாடு வந்துபோய்க்கொண்டிருக்கிறது. பேக்கியில் (சின்ன சரக்கு வண்டியில்) ஏற்றும்போது உங்கள் கையெழுத்திட்ட சான்றும் கூடவே போக வேண்டும். இல்லாவிட்டால் வழியில் போலீஸ் திருட்டு ஆடா என்று கேட்கும். சாமிக்கென்று வீட்டில் அறுப்பதை 2000ஆம் ஆண்டு இறைச்சிப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தக் கறியை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி நாய்க்காரர். அவரிடம் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு 30 நாளுக்குக் குறையாமல் ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது இந்த நாட்டுச் சட்டம். அரசு முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள், அதனால் பணமில்லை என்ற சாக்கு செல்லாது. இப்போதைக்கு அந்த இரண்டையும் அவர் கட்டிவைக்கட்டும். கடித்து 10 நாள் ஆகியும் நாய் நன்றாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு யாரும் அதைச் சுட்டுவிட வேண்டாம். நாய் செத்தே போனாலும் தலை சிதையாமல் இருக்க வேண்டும், மூளையை வைத்துத்தான் சோதனை செய்வார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிற அல்லர்ட்டன் ஆய்வகத்தில் அதைச் செய்கிறார்கள்.

"யாரோ கேட்டைத் திறந்துவிட்டார்கள்" என்று அவர் சொல்வது பெரிய அரணாக நிற்காது. நம் நாட்டில் ரோமானிய-டச்சுச் சட்டத்திலிருந்து வந்த பழைய வழி ஒன்று இருக்கிறது, வக்கீல்கள் பாவ்பெரீஸ் என்பார்கள். வீட்டுப் பிராணி தன் வளர்ப்புக் குணத்தை மீறித் தீங்கு செய்தால், சொந்தக்காரர் மேல் தவறு இல்லாவிட்டாலும் நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு. ஒரு வழக்கில், தெருவில் போன ஒருவரை மூன்று நாய்கள் குதறி, அவர் கையையே இழந்தார். வெளியாள் யாரோ கேட்டைத் திறந்திருக்க வேண்டும் என்று நாய்க்காரர் வாதாடிப் பார்த்தார். ப்ளூம்ஃபான்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அதை ஏற்கவில்லை. நாய் அந்த நேரம் வேறொருவர் பொறுப்பில் இருந்து, அவர் கவனக்குறைவாக விட்டிருந்தால்தான் கதை மாறும். உங்கள் ஆடுகள் உங்கள் நிலத்தில், உங்கள் வேலிக்குள் நின்றன. அதுதான் உங்கள் பலம்.

ஆனால் ஆதாரம் வேண்டும். செத்த ஆட்டைப் புதைக்கும் முன் படம் எடுத்தீர்களா? நாய் கடித்தால் பின்தொடை, விலா, காது என்று கண்ட இடத்தில் கிழிசல் இருக்கும். பல ஆட்டைக் கடித்துப் போட்டிருக்கும், தின்றது கொஞ்சமாக இருக்கும். நரி என்றால் குரல்வளையில் கடித்து, வயிற்றைத் திறந்து தின்றிருக்கும். காட்டுப்பூனை இனமான காராகல் என்றால் நகக்கீறல் தெரியும். நாய்க்காரர் நாளைக்கு "நரி அடித்தது" என்று சொல்லப்போகிறார், இப்போதே தயாராக இருங்கள். ஆட்டின் காதில் உங்கள் பதிவுக் குறி பச்சை குத்தியிருந்தால் அதையும் படமெடுங்கள். ஆடு உங்களுடையது என்பதற்கு 2002ஆம் ஆண்டு விலங்கு அடையாளச் சட்டப்படி அதுதான் சாட்சி.

முதலில் வேலியோரம் நின்று பேசிப் பாருங்கள். நானாக இருந்தால் ஒரு ஆட்டின் விலையை விட்டுக்கொடுத்தாவது கதையை அங்கேயே முடிப்பேன். வருடம் முழுவதும் முகம் பார்க்க வேண்டியவர்கள். மசியவில்லை என்றால் தொகையைக் குறித்து 14 நாள் கெடு வைத்து எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம். 20,000 ரேண்ட் வரை அங்கேயே கேட்கலாம், வக்கீல் வைக்கவே கூடாது.

விஷம் மட்டும் வேண்டாம், தம்பி. கண்டபடி விஷம் வைப்பது 1962ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொட்டலத்தில் 'டூ-ஸ்டெப்' என்று விற்கிற அந்தக் கறுப்புக் குருணை ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்து, தடை செய்யப்பட்டது. நாய் தின்னாமல் போனால் உங்கள் வீட்டுக் கோழி பொறுக்கும், குழந்தை எடுக்கும். இன்றைக்கு வழக்குப் போடத் தகுதியோடு நிற்கிற நீங்கள், நாளைக்கு அதே கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியிருக்கும். கத்தரியை நாசம் செய்யும் வெர்வெட் குரங்குக்கும் இதே பேச்சுத்தான். அது பாதுகாக்கப்பட்ட பிராணி, அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது.

யாருக்கும் சொந்தமில்லாத நாய்க்கூட்டம் வந்தால் நகராட்சிக்குச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம், குரைப்புக்கு என்ன விதி என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். வெருலம் ஈதெக்வினி நகராட்சியில் சேரும், வேறு நகராட்சியில் இருக்கிற ஸ்டாங்கர் ஊர்க்காரர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

நாய் எங்கே புகுந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வேலிக்கு அடியில். அதனால் உயரத்தைக் கூட்டிப் பயனில்லை. கம்பிவலையை அடியில் வெளிப்பக்கமாக முழங்கை நீளத்துக்கு மடித்து, மண்ணில் கிடத்தி, மேலே கல் வையுங்கள். நாய் வேலி ஓரத்தில்தான் தோண்டும், காலுக்கடியில் வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். இருட்டும் முன் ஆட்டைக் கூரையுள்ள கொட்டிலில் அடைத்து, வெயில் ஏறிய பிறகு திறந்துவிடுங்கள்.