மெழுகுவர்த்திக்காரர் வீட்டுப் பிள்ளைகள்

கேள்வி: பெஞ்சமின் பிராங்க்ளினின் அப்பா இங்கிலாந்திலிருந்து பாஸ்டனுக்குப் பிழைக்கப் போன சாதாரண சோப்புக்காரர். மகனோ மின்னலை ஆராய்ந்தார், அமெரிக்கா என்ற நாட்டையே உருவாக்கியவர்களில் ஒருவரானார். யார் தயவும் இல்லாமல் உழைப்பால் மட்டும் உயரலாம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அத்தாட்சிதான், 17 பிள்ளைகளில் ஒருவருக்கு. மீதி 16 பேரும் சோம்பேறிகளா ஐயா?

அப்பா ஜோசையா உழைப்பாளிதான், அதில் சந்தேகமே இல்லை. 1683இல் மனைவி, மூன்று குழந்தைகளோடு வந்து இறங்கியபோது அவர் தொழில் துணிக்குச் சாயம் போடுவது. பாஸ்டனில் அதற்குக் கிராக்கி இல்லை. சளைக்காமல் கொழுப்பு உருக்கி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்யத் தொடங்கினார். 1689இல் ஏழாவது பிரசவத்தையொட்டி முதல் மனைவி இறந்தார். அந்த வருஷமே அபையாவைக் கட்டிக்கொண்டார்; அவருக்குப் பத்துப் பிள்ளைகள். வீடும் பட்டறையும் ஒன்றாகக் கிடந்த பிழைப்பு அது. 1703இல் 16 மாதக் குழந்தை எபனேசர் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனான்.

பெஞ்சமினுக்கு வாய்த்த பள்ளிக்கூடம் இரண்டே வருஷம். பத்து வயதில் திரி நறுக்கவும், அச்சில் கொழுப்பு ஊற்றவும் கடைக்கு வந்துவிட்டான். பையனுக்கு அது பிடிக்கவில்லை, கப்பலேறும் நினைப்பு. அப்பா என்ன செய்தார் தெரியுமா? தச்சர், கொத்தனார், கடைசல்காரர், பித்தளை வேலைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போய் வேலையைக் காட்டினார். எதில் மனசு ஒட்டுகிறது என்று பார்க்கத்தான். (இன்றைக்கும் எத்தனை அப்பாக்கள் இதைச் செய்கிறார்கள்?) கத்தி செய்யும் உறவினரிடம் விட்டுப் பார்த்தார், அவர் பணம் கேட்டதும் திரும்ப அழைத்துக்கொண்டார். கடைசியில் 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகம், 21 வயது வரை தொழில் பழகும் ஒப்பந்தம். அங்கேதான் படிக்கப் புத்தகமும் எழுதப் பத்திரிகையும் கிடைத்தன. 1723இல் அந்த ஒப்பந்தத்தை உதறிவிட்டு ஓடியவர்தான் உங்கள் உழைப்பாளி.

அப்பா தயவு, அண்ணன் தயவு எல்லாம் வீட்டு விஷயம், விட்டுவிடுவோம். ஆனால் எவ்வளவு உழைத்தாலும் உயர வழியில்லாதவர்களும் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள். 1713இல் பாஸ்டன் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: விற்பனைக்குக் கறுப்பின அடிமைகள், பார்வையிட வேண்டிய இடம் ஜோசையா பிராங்க்ளின் வீடு. பெஞ்சமினுக்கு அப்போது ஏழு வயது.

கடைக்குட்டி ஜேனைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதே அப்பா, அதே அம்மா, அண்ணனைவிட ஆறு வயது சின்னவர். 15 வயதில் சேணம் தைக்கும் ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள்; அவர் கடனில் மூழ்கினார். 12 பிள்ளைகள் பெற்று 11 பேரைத் தன் வாழ்நாளிலேயே பறிகொடுத்தார். பிள்ளைகளில் இருவருக்குப் புத்தி பேதலித்தது. பிறப்பையும் இறப்பையும் தானே தைத்த சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தார். உழைப்பு என்றால், பாரிஸில் தூதராக இருந்த அண்ணன் நண்பர்களுக்குக் கொடுக்கக் குடும்பத்துச் சோப்பைக் கேட்டபோது வயதான காலத்திலும் காய்ச்சிக் கொடுத்தவர் இவர்தான்.

உங்கள் கேள்விக்கு அந்த ஜேனே 1786இல் பதில் எழுதிவிட்டார், அதுவும் அந்த அண்ணனுக்கே. ஒரு பாதிரியார் எழுதியதைப் படித்துவிட்டு அதை எடுத்துச் சொல்கிறார்: சரியான இடத்தில் வைக்க ஆளில்லாததால் மட்டுமே ஆயிரக்கணக்கான நியூட்டன்கள் அறியாமையிலும் வறுமையிலும் வாழ்ந்து செத்திருப்பார்கள் என்று.