கசியவிடுகிறவர்களின் வரவு செலவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்கிலீக்ஸ் போன்ற அமைப்புகள் அரசுகளின் ரகசியங்களைத் தெருவில் கொண்டுவந்து போடுகின்றன. தங்களுக்குப் பணம் தருவது யார் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஊருக்குத்தான் உபதேசமா? இப்படி ஓர் அமைப்புக்குச் சிறு தொகை அனுப்ப நினைக்கிறேன். அதன் கணக்கை எங்கே, எப்படிப் பார்ப்பது? பிட்காயினில் அனுப்பினால் எல்லாமே வெளிப்படை என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? பதில் எழுதும்போது என் பெயர் வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். நீங்கள் பெயர் வேண்டாம் என்பதும், நூறு டாலர் அனுப்புகிறவர் பெயர் வேண்டாம் என்பதும் ஒரே நியாயம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958இல், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் உறுப்பினர் பட்டியலை அலபாமா மாநிலம் கேட்டபோது தர வேண்டியதில்லை என்றது. தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளர் பட்டியலைத் தர வேண்டும் என்ற கலிஃபோர்னியாவின் விதியையும் 2021இல் ரத்து செய்தது. கசிவுகளை வெளியிடும் அமைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆவணம் கொடுத்தவரைத் தேடும் புலனாய்வாளர் முதலில் கேட்கப்போவது நன்கொடைப் பட்டியலைத்தான்.

ஆகவே பெயர்களைக் கேட்காதீர்கள். பெரிய தொகை தருபவரின் பங்கு எத்தனை சதவீதம், அதோடு என்ன நிபந்தனை வந்தது, பணம் கடைசியில் யார் கைக்குப் போனது என்று கேளுங்கள். சில்லறை நன்கொடையாளரின் பெயரை மறைப்பது பாதுகாப்பு. பாதிச் செலவைத் தாங்குகிறவரின் பங்கை மறைத்தால் அதற்கு வேறு பெயர்.

பெயரைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு ஓசிசிஆர்பி நல்ல உதாரணம். ஊழல், குற்ற வலைப்பின்னல்களைத் துருவும் பத்திரிகையாளர் கூட்டமைப்பு அது. அமெரிக்க அரசு நிதி தருகிறது என்பதை அவர்கள் ஒளித்ததில்லை, நன்கொடையாளர் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் அந்தப் பங்கு ஏறக்குறைய பாதி என்பதும், முக்கியப் பொறுப்புகளுக்கு ஆள் நியமிப்பதில் நிதி தரும் தரப்புக்குச் சொல் உண்டு என்பதும் 2024 டிசம்பரில் பிரான்ஸின் மெதியாபார் உள்ளிட்ட சில ஊடகங்கள் எழுதிய பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டன. செய்தியில் யாரும் தலையிட்டதில்லை என்று ஓசிசிஆர்பி மறுத்தது. அதை நான் நம்பவே செய்கிறேன். ஆனால் 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் அவர்கள் ஆட்குறைப்பு செய்ய வேண்டி வந்தது. ஒரே கையை நம்பி இருப்பதன் ஆபத்து பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது.

விக்கிலீக்ஸின் சிக்கல் வேறு வகை. அதற்கு ஒரே பணப்பை என்று ஒன்று இருந்ததே இல்லை. 2009 முதல் ஜெர்மனியின் வாவ் ஹாலந்து அறக்கட்டளை நன்கொடை வாங்கியது. ஐஸ்லாந்தில் சன்ஷைன் பிரஸ் புரொடக்‌ஷன்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. 2010 டிசம்பரில் பேபால், விசா, மாஸ்டர்கார்டு, பேங்க் ஆஃப் அமெரிக்கா, வெஸ்டர்ன் யூனியன் எல்லாம் கதவைச் சாத்தின. அதன் பிறகு பிரான்ஸில் ஒரு நிதியம், அமெரிக்காவில் 2012 இறுதியில் தொடங்கிய ஃப்ரீடம் ஆஃப் தி பிரஸ் ஃபவுண்டேஷன் என்று சுற்றுவழிகள் பிறந்தன. ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில், விக்கிலீக்ஸுக்கான அட்டைப் பரிவர்த்தனையை, அதைக் கையாளும் வாலிட்டர் நிறுவனம் 15 நாளில் திறக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 8 லட்சம் குரோனா அபராதம் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இத்தனை வாய்க்கால் வெட்டியதற்குக் காரணம் முற்றுகைதான், திருட்டுத்தனம் அல்ல. ஆனாலும் விளைவு என்னவோ ஒன்றுதான்: ஒவ்வொரு வாய்க்காலும் தன் கணக்கை மட்டும் காட்டும், மொத்தத்தைக் கூட்டிக் காட்ட ஆளில்லை.

வாவ் ஹாலந்தின் 2010 அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வரவு சுமார் 13 லட்சம் யூரோ, செலவு சுமார் 4 லட்சம். மிச்சம் எங்கே என்று அப்போதே பலர் கேட்டார்கள். இந்தத் தொழிலில் அந்த இடைவெளி இயல்பு. பெரிய கசிவு வெளியாகும் மாதத்தில் பணம் கொட்டும். அதனால் வரும் வழக்குகளோ வருடக்கணக்கில் இழுக்கும். ஓராண்டு அறிக்கையை வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஐந்தாண்டைச் சேர்த்துப் பாருங்கள். நான் சந்தேகப்படுவது வேறு இடத்தில். இடைநிலை அமைப்பு காட்டும் செலவுப் பட்டியலில் ‘பயணம்’, ‘பிரச்சாரம்’ என்று தலைப்புகள் இருக்கும். அதற்கு அப்பால் யார் வாங்கினார், எந்த வேலைக்கு என்பது அடுத்த அமைப்பின் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது.

அமெரிக்காவில் பதிவான அமைப்பு என்றால் உங்கள் வேலை எளிது. இத்தகைய அமைப்புகள் ஆண்டுதோறும் அந்நாட்டு வருமான வரித்துறைக்குத் தரும் கணக்கான படிவம் 990 பொது ஆவணம். புரோபப்ளிகா என்ற செய்தி அமைப்பின் ‘நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்’ இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதல் தடுக்கல் பெயர். இணையத்தில் புழங்கும் பெயரைப் போட்டால் ஒன்றும் வராமல் போகலாம். ஓசிசிஆர்பியின் சட்டப்படியான பெயர் ஜர்னலிசம் டெவலப்மென்ட் நெட்வொர்க். நன்கொடைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரையோ வரி எண்ணையோ தேடுங்கள்.

படிவம் கிடைத்ததும் எட்டாம் பகுதிக்குப் போங்கள். 1இ (1e) என்ற வரியில் அரசு மானியம் தனியாக இருக்கும். மொத்த வருவாயால் வகுத்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். ஏழாம் பகுதியில் நிர்வாகிகளின் சம்பளம். உறவினருக்கோ நிர்வாகக் குழு உறுப்பினருக்கோ ஒப்பந்தம் போயிருந்தால் ஷெட்யூல் எல் (L) என்ற இணைப்பு காட்டும். நன்கொடைகளைப் பட்டியலிடும் ஷெட்யூல் பி-யில் (B) நன்கொடையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். பதறாதீர்கள், சட்டமே அப்படித்தான்; தொகைகள் மட்டும் தெரிந்தாலே போதும். ஆறாம் பகுதியின் 13ஆம் வரியில், உள்ளிருந்து முறைகேட்டைச் சொல்பவரைக் காக்க எழுத்துபூர்வமான கொள்கை உண்டா என்று வருமான வரித்துறை கேட்கிறது. கசிவை நம்பிப் பிழைக்கும் அமைப்பு அதில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், அங்கேயே மூடிவைத்துவிடலாம்.

ஒன்பதாம் பகுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று நினைக்கிறார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. 11பி (11b) வரியில் வழக்கறிஞர் செலவு, 23ஆம் வரியில் காப்பீடு. லட்சக்கணக்கான ஆவணங்களை வெளியிடும் அமைப்பில் இந்த இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், சட்ட ஆலோசனை யாரோ இலவசமாகத் தருகிறார்கள் என்று பொருள், அல்லது அப்பாவிகளின் பெயரை நீக்காமலே ஆவணத்தை ஏற்றுகிறார்கள் என்று பொருள். எது என்று கேட்டு எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நிதியாண்டு முடிந்து நீட்டிப்போடு பத்தரை மாதம் கழித்துக்கூடப் படிவம் தாக்கலாகலாம். அதனால் நீங்கள் பார்ப்பது எப்போதும் பழைய கதை. ஆண்டு வருவாய் வழக்கமாக 50,000 டாலரைத் தாண்டாத அமைப்பு, அஞ்சலட்டை அளவு விவரம் தந்தால் போதும்; அதில் கணக்கே இருக்காது.

இனி பிட்காயின். விக்கிலீக்ஸ் 2011 ஜூனிலிருந்து வாங்குகிறது. உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. அறிவித்த முகவரிக்கு எவ்வளவு வந்தது என்று யாரும் பார்க்கலாம். ஆளுக்கொரு புதிய முகவரி கொடுத்தால் அந்த மொத்தமும் தெரியாது. நாணயத்தை வாங்கி விற்கும் பரிமாற்றகத்துக்குப் போய்ப் பணமான பிறகு எந்தச் செலவுக்கு என்பதை, பிட்காயின் பரிவர்த்தனைகள் பதிவாகும் பொதுப் பதிவேடான சங்கிலி சொல்லாது. ஆனால் அடையாளச் சான்று கொடுத்து வாங்கிய நாணயத்தை அனுப்பினால் உங்கள் பெயர் அந்தப் பரிமாற்றகத்தில் இருக்கும், பரிவர்த்தனை அழியவே அழியாது. கொடுத்தவரைத் தேடிப் பிடிக்கலாம், செலவழித்தவரைப் பிடிக்க முடியாது. நீங்கள் விரும்புவதற்கு நேர் எதிர்.

இதில் விலை ஒரு தனித் தலைவலி. 2022 பிப்ரவரியில் அசாஞ்ச்டிஏஓ என்ற குழு பணம் திரட்டி, ஒரு டிஜிட்டல் படைப்பை 16,593 ஈதருக்கு (பிட்காயின் போன்ற இன்னொரு டிஜிட்டல் நாணயம்) ஏலத்தில் எடுத்தது. அன்றைய மதிப்பு 5 கோடி டாலருக்கு மேல். வரும்படி வாவ் ஹாலந்துக்கு, விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்சின் வழக்குச் செலவுக்காக. அந்த ஆண்டு முடிவதற்குள் ஈதரின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. எந்த நாளில் எவ்வளவு விற்றார்கள் என்பதைச் சொல்லாமல் ‘இத்தனை ஈதர் வந்தது’ என்றால் அது கணக்காகாது. இப்படி டிஜிட்டல் நாணயம் வாங்கும் அமைப்பிடம் வந்த தேதி, விற்ற தேதி, விற்ற விலை மூன்றையும் கேளுங்கள்.

உங்கள் தொகை சிறியது. சொந்தமாகப் பதிவுபெற்று, தணிக்கை அறிக்கை வெளியிடும் அமைப்புக்கு வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். வேறொரு அமைப்பின் குடையின்கீழ் பணம் வாங்குகிறவர்கள் என்றால், குடை பிடிப்பவர் எத்தனை சதவீதம் எடுக்கிறார், இந்தத் திட்டத்துக்குத் தனிக் கணக்குத் தாள் உண்டா என்று முதலில் மின்னஞ்சல் போடுங்கள். தணிக்கை அறிக்கை அனுப்பினால் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். குறிப்பிட்ட வேலைக்கென ஒதுக்கிய நிதி, தொடர்புடையவர்களோடு நடந்த பரிவர்த்தனை, நிலுவையிலுள்ள வழக்குகள் ஆகியவை அங்கே பின்குறிப்புகளில்தான் இருக்கும். அந்தப் பக்கங்களை வெட்டிவிட்டு அனுப்பினால், முழுசாகக் கேட்டு வாங்கிய பிறகு பணம் அனுப்புங்கள்.