டெர்லிங்குவா சின்ன வீடு: ஜூனில் அம்மாவோடு போகலாமா?

வணக்கம். டெக்சாஸ் டெர்லிங்குவாவில் முழுக்க சோலாரில் ஓடும் சின்ன வீடு ஒன்றை ஜூனில் மூன்று இரவுக்குப் பதிவு செய்துவிட்டேன், ஏசி இல்லை, அம்மா இன்சுலின் போடுபவர், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முடிந்தால் நவம்பருக்குத் தள்ளிப்போடுங்கள். டெர்லிங்குவா இருக்கும் பிக் பெண்ட் பாலைவனப் பக்கம் மே, ஜூன்தான் உச்ச வெயில். பகலில் 38 டிகிரி தாண்டுவது சாதாரணம். நாங்கள் மே மாதம் தங்கியபோது மாலை நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் கொட்டியது. பொழுது சாய்ந்த பிறகும் தகரச் சுவர் கையைச் சுட்டது. அதில் வயதானவரைப் படுக்க வைக்க எனக்கு மனம் வராது.

தேதியை மாற்றவே முடியாதென்றால், ஃபிரிட்ஜ் இரவெல்லாம் ஓடுமா என்று வீட்டுக்காரரிடம் நேராகக் கேளுங்கள். சில வீடுகளில் வெறும் ஐஸ் பெட்டிதான் இருக்கும். இன்சுலினை ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் வீண். தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர்ப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காற்று அவ்வளவு வறண்டது என்பதால் நம் மண்பானை மாதிரி நன்றாகவே குளிரும். ஆனாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் மருத்துவமனை 130 கிலோமீட்டர் வடக்கே ஆல்பைன் என்ற ஊரில்தான்.

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள், தேள் உண்டு. நவம்பரில் போனால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே பால்வீதி தெரியும், அம்மா எங்கும் நடக்க வேண்டியதில்லை.