பூங்காவுக்கு ஜேசிபி வேண்டாம்

கேள்வி: ஐயா, எங்கள் தெருவை ஒட்டி நகராட்சிப் பூங்கா ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே வாய்க்கால். கவனிப்பார் இல்லாமல் புதர் மண்டிவிட்டது. தெருக்காரர்கள் சேர்ந்து சுத்தம் செய்து நாட்டு மரம் வைக்கலாம் என்று இருக்கிறோம். ஜேசிபி விட்டு மொத்தமாக வழித்துவிட்டு, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று கன்று நடலாம் என்கிறார்கள் சிலர். பாம்பு பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: நல்ல காரியம் அம்மா. ஜேசிபி மட்டும் வேண்டாம். வழித்துப்போட்ட மண்ணில் முந்திக்கொண்டு முளைப்பது பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும்தான். அப்புறம் வருடா வருடம் ஜேசிபிக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் ஒருநாள் காலையில் உள்ளே போய்ப் பாருங்கள். ஆடு மேய்க்கிற அம்மா யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகம் படித்த என் போன்றவர்களைவிட அவர்களுக்குச் செடி தெரியும். வேம்பின் அடியில் குனிந்து பார்த்தால், பறவை எச்சத்தில் முளைத்த நாவலும் நுணாவும் விரல் உயரத்தில் நிற்கும். புதர் என்று நீங்கள் சொல்வதில் பாதி நொச்சியாகவும் ஆடாதொடையாகவும் இருக்கலாம். தரையோடு படர்ந்த ஒரு கொடியின் இலையைக் கசக்கினால் குமட்டும். ஆடும் வாய் வைக்காது. அதுதான் ஆடுதீண்டாப்பாளை. கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாகப் பறக்குமே ஒரு பட்டாம்பூச்சி, அதன் புழு இந்தக் குடும்பத்துச் செடியைத்தான் தின்னும். களை என்று பிடுங்கினால் பட்டாம்பூச்சியும் போச்சு.

வைத்துக்கொள்ள வேண்டியதிலெல்லாம் பழைய சேலைத்துணியைக் கிழித்துக் கட்டுங்கள். கட்டாததைக் கையால் எடுங்கள். சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினால் பக்கத்துக்குப் பக்கம் துளிர்க்கும், தூரோடு தோண்ட வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது செய்தால் கடப்பாரைக்கு வேலை குறைவு.

ஜூன் 5 போட்டோவுக்குச் சரி, கன்றுக்குச் சரியில்லை. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். அதுவரை குடம் தூக்கப்போவது யார்? நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். புரட்டாசியில் நடுங்கள், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். களிமண் என்பதால் பள்ளத்தில் நட்டால் கார்த்திகையில் தண்ணீர் தேங்கி அழுகும். ஒரு முழம் மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள். வாய்க்கால் ஓரத்துக்கு நீர்மருது, புங்கன். மேட்டுப்பக்கம் இலுப்பை, மகிழம்.

கன்றை விலைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. திருவிடைமருதூரில் மருதுதான் தலமரம். உங்கள் பக்கத்துக் கோயில்களிலும் பழைய மரங்கள் இருக்கும், கேட்டுவிட்டுக் கீழே விழுந்த விதையைப் பொறுக்கலாம். ஆனி, ஆடியில் விழுகிற இலுப்பை, நாவல் விதையை மட்டும் டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். காய்ந்தால் முளைப்பு போய்விடும். சதையைக் கழுவிவிட்டு அன்றைக்கே பையில் ஊன்றுங்கள்.

பாம்பு புதருக்காக வருவதில்லை, எலிக்காக வருகிறது. எலி, பூங்கா மூலையில் கொட்டுகிற சாப்பாட்டு இலைக்காக வருகிறது. குப்பையை நிறுத்தி, நடைபாதையின் இருபுறமும் மூன்றடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள். இருட்டியபின் டார்ச் இல்லாமல் போகவேண்டாம். போதும்.

இதற்கெல்லாம் முன்னால் நகராட்சி ஆணையரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அதிகாரி மாறினால் மாறிவிடும். பிறகு ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து உங்கள் நொச்சியையும் சேர்த்து வழிப்பார். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேடு ஒன்றையும் அது தயாரிக்க வேண்டும். துணி கட்டிய செடிகளின் பட்டியலை அந்தப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி: வாய்க்கால் கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு. வெட்ட வெட்ட வருகிறதே?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வெட்டியதை எங்கே போட்டீர்கள்? ஈரச் சேற்றில் ஒரு துண்டுத் தண்டு கிடந்தால் போதும், வேர் விட்டுவிடும். தண்ணீரில் போனால் கீழூர்க்காரருக்கு உங்கள் சீதனம். வாய்க்கால் வறண்டு கிடக்கும் பங்குனி, சித்திரையில் தூரோடு பறித்து, வெயில் விழும் மேட்டில் பரப்பிச் சருகாகக் காயவிடுங்கள். ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம். பறித்த இடத்தைச் சும்மா விட்டால் கரை சரியும். முதல் மழையிலேயே வெட்டிவேர் நாற்றை நெருக்கமாக வையுங்கள்.