தாடை விரிக்கும் கருவியால் குழந்தையின் குறட்டை நிற்குமா?

வணக்கம். 9 வயது மகளுக்கு மேல்தாடை குறுகல், இரவில் குறட்டை, எக்ஸ்பாண்டர் (மேல்தாடையை விரிக்கும் கருவி) போட்டால் மூச்சு சரியாகிவிடும் என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி நம்பலாம்.

வாயின் கூரையான மேலண்ணம்தான் மூக்கின் தரை. அதன் நடுவில் உள்ள எலும்புப் பொருத்து இந்த வயதில் இன்னும் இறுகியிருக்காது. கருவியில் உள்ள திருகைத் திருப்பத் திருப்ப அது மெல்ல விலகும், கூடவே மூக்கின் உட்புறமும் கொஞ்சம் அகலமாகும். அதனால் பல குழந்தைகளுக்கு மூக்கால் மூச்சு விடுவது எளிதாகிறது. பருவ வயது தாண்டினால் இது கடினம், எனவே நேரம் சரிதான்.

ஆனால் இந்த வயதுக் குறட்டைக்கு அடிக்கடி காரணமாக இருப்பது மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையும் தொண்டையில் உள்ள டான்சிலும். அவை வீங்கி வழியை அடைத்திருந்தால் தாடையை மட்டும் விரித்துப் பயனில்லை. தயவுசெய்து முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் சோர்வோ கவனச்சிதறலோ இருக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். இருந்தால், தூங்கும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று அளக்கும் தூக்கப் பரிசோதனை தேவைப்படும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், 'முன்பு, பின்பு' எக்ஸ்ரேக்களைக் காட்டி மூச்சுப்பாதை பெரிதாகிவிட்டது என்பார்கள். கருவியே இல்லாவிட்டாலும் வளரும் குழந்தைக்கு அது பெரிதாகும். விழித்திருக்கும்போது எடுத்த படம் தூக்கத்தில் நடப்பதையும் காட்டாது. கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் கருவிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மேல், கீழ்ப் பற்கள் குறுக்காகக் கடிக்கின்றனவா, அதாவது மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்பக்கமாக விழுகின்றனவா? அப்படியானால் குறட்டை இல்லாவிட்டாலும் நான் எக்ஸ்பாண்டர் போடத்தான் சொல்வேன்.