மார்புக் கட்டிக்கு பயாப்ஸி எடுத்தா பரவிடுமா? 'சாகாத செல்லு'க்கு கேப்சூல்னு சொல்றாங்களே, வாங்கலாமா?

மயிலாடுதுறை பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். அம்மாவுக்கு 58 வயசு, இடது மார்புல 2 சென்டிமீட்டர்ல ஒரு கட்டி, வலி எதுவும் இல்ல. மேமோகிராம் பாத்த டாக்டர் ஊசி வெச்சு பயாப்ஸி எடுக்கச் சொல்லிட்டார். வீட்டுல எல்லாரும் "கட்டிய சீண்டினா பரவிடும்"னு பயப்படுறாங்க. இதுக்கு நடுவுல தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் வந்து "கேன்சர் செல்லுக்கு சாவே கிடையாது, அமெரிக்காவுல நிரூபிச்சிருக்காங்க, கீமோவால அத கொல்ல முடியாது, எங்க கேப்சூல் டெலோமியர்ல போய் வேலை செஞ்சு செல்ல சாகடிக்கும், மூணு மாச கோர்ஸ் 48,000 ரூபா"ன்னு சொல்லியிருக்கார். "மூணு மாசம் இத குடுத்துப் பாத்துட்டு பயாப்ஸி எடுக்கலாமா சார்? நல்லா இருந்த செல்லு எப்படி இப்படி ஆகும், அம்மா என்ன தப்பு பண்ணாங்க?"ன்னு கேக்குறார்.

தம்பி, பயாப்ஸி இந்த வாரமே எடுங்க. கேப்சூலுக்கு ஒரு ரூபா கூட குடுக்காதீங்க, அட்வான்ஸ் குடுத்திருந்தா திருப்பிக் கேளுங்க. அம்மா எந்தத் தப்பும் பண்ணல. ஏன்னு இப்ப சொல்றேன், அந்த ஆளு சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் உங்கள மாதிரி படிச்சவங்களும் தடுமாறுறீங்க, அந்தப் பாதிய பிரிச்சுக் காட்டினாத்தான் மீதி பொய் தெரியும்.

நம்ம உடம்புல செல்லு தேய்றதும் சாகுறதும், பக்கத்துல இருக்குறது ரெண்டா பிரிஞ்சு அந்த எடத்த நிரப்புறதும் பொறந்ததுலேர்ந்து நடக்குற வேலை. ஒவ்வொரு தடவ பிரியும்போதும் 600 கோடி எழுத்துக்கு மேல இருக்குற டிஎன்ஏவ முழுசா காப்பி எடுக்கணும். எழுத்துப்பிழை வரத்தான் செய்யும், கிட்டத்தட்ட எல்லாத்தையும் செல்லே திருத்திக்கும், தப்பிச்சது அப்படியே தங்கிடும், வயசு ஏற ஏற சேரும். புகையிலை, வெயில், சில வைரஸ் எல்லாம் இத வேகப்படுத்தும். அதுல பெரும்பாலான பிழையால ஒண்ணும் ஆகாது. ஆனா "வளரு"ன்னு உத்தரவு போடுற ஜீன்ல பிழை விழுந்தா அது பட்டன் மாதிரி அமுங்கினபடியே நின்னுடும், மார்புக் கேன்சர்ல பேசுற ஹெர்2ங்கிறது அந்த வகை, அதுல ஜீனோட காப்பியே கூடிப்போயிருக்கும். "நில்லு"ன்னு சொல்ற ஜீன் பி53, ஆர்பின்னு ரெண்டு முக்கியமானது, அது கெட்டுப்போனா தடுக்க ஆள் இருக்காது. ஒவ்வொரு ஜீனும் அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதி இருக்குறதால, தடுக்குற ஜீன் பொதுவா ரெண்டும் போனாத்தான் சிக்கல், இத குழந்தைங்க கண்ணுல வர்ற கேன்சர வெச்சு 1971லயே நட்சன்ங்கிறவர் சொல்லிட்டார். ஒரே ராத்திரியில நடக்குற விஷயம் இல்ல, பல வருஷமா ஒண்ணு மேல ஒண்ணு சேர்ந்து வர்றது. பரம்பரையா ஒரு பிழையோட பொறக்குறவங்க மார்புக் கேன்சர்ல நூத்துக்கு அஞ்சுலேர்ந்து பத்து பேருதான்.

இப்ப சாகாத விஷயத்துக்கு வர்றேன். 1961ல ஃபிலடெல்ஃபியாவுல ஹேஃப்லிக்னு ஒருத்தர் மனுஷ செல்ல தட்டுல வளத்துப் பாத்தார், சுமார் 40லேர்ந்து 60 தடவ பிரிஞ்சதும் அது நின்னுபோச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் தட்டுல வெச்சா எந்த செல்லும் நிரந்தரமா பிரிஞ்சுக்கிட்டே இருக்கும்னு பெரிய பெரிய ஆளுங்க நம்பிக்கிட்டு இருந்தாங்க. நிக்கிறதுக்குக் காரணம், டிஎன்ஏ சுருண்டு இருக்குற குரோமோசோமோட நுனியில இருக்குற டெலோமியர். செல்லுகிட்ட ஒரு டோக்கன் கட்டு இருக்குன்னு வெச்சுக்குங்க, ஒவ்வொரு தடவ பிரியும்போதும் ஒரு டோக்கன் கிழியுது, கட்டு தீந்தா பிரியறது நிக்குது. கேன்சர் ஆகப்போற செல்லு பி53யும் ஆர்பியும் போனதால டோக்கன் தீந்தும் நிக்காம ஓடும், அப்ப நுனி இல்லாத குரோமோசோமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, இழுபட்டு, உடைஞ்சு அதுல கிட்டத்தட்ட எல்லா செல்லும் செத்துடும். செத்துடும்ங்கிறத கவனிங்க. எங்கயோ ஒண்ணு மட்டும், கருவுல இருந்தப்ப வேலை செஞ்சு அப்புறம் பெரும்பாலான செல்லுல பூட்டி வெச்ச டெலோமரேஸ்ங்கிற என்சைம தட்டி எழுப்பி டோக்கன அச்சடிக்க ஆரம்பிச்சுடும். கேன்சர்ல பத்துக்கு ஒன்பது கிட்ட இந்த வழிதான். இந்த டெலோமியர், டெலோமரேஸ் கண்டுபிடிப்புக்குத்தான் 2009ல பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக்னு மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க. உங்க கேப்சூல்காரர் "அமெரிக்காவுல நிரூபிச்சது"ங்கிறது இதுதான். இதுவரைக்கும் அவர் சொன்னது சரி.

பொய் இதுக்கு அப்புறம் ஆரம்பிக்குது. கணக்கில்லாம பிரியும்ங்கிறது வேற, கொல்ல முடியாதுங்கிறது வேற. 1951ல பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில ஹென்ரியெட்டா லாக்ஸ்ங்கிற அம்மாவுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர், அவங்கள ஒரு வார்த்தை கேக்காம எடுத்த துண்டுலேர்ந்து வளத்த ஹீலா செல்லு இன்னிக்கும் உலகம் முழுக்க லேப்ல பிரிஞ்சுக்கிட்டு இருக்கு, அந்த அம்மா அதே வருஷம் 31 வயசுல போயிட்டாங்க. அந்த அழியாத செல்லயே, லீவு நாள்ல அது வளர்ற சத்து நீர மாத்த மறந்து போனா தட்டுல செத்து மிதக்கிறத லேப்ல வேலை பாத்த எல்லாரும் பாத்திருப்பாங்க. கீமோ மருந்து ஊத்தினா சாகும், ரேடியேஷன் குடுத்தா சாகும். சொல்லப்போனா நிறுத்துற ஜீன் போனதே சில கேன்சர்ல நமக்கு சாதகம், நல்ல செல்லு அடிபட்டா நின்னு சரிபண்ணிக்கிட்டு அப்புறம் பிரியும், கேன்சர் செல்லு உடைஞ்ச டிஎன்ஏவோட அப்படியே பிரியப் போய் செத்துத் தொலையும்.

ஹீலா பத்தி வந்ததால இதையும் சொல்லிடறேன், அந்த அம்மா கட்டியில இருந்தது எச்பிவி 18ங்கிற வைரஸ், அது ஒரு புரோட்டீன வெச்சு பி53ய அழிக்குது, இன்னொண்ண வெச்சு ஆர்பிய முடக்குது, வருஷக்கணக்குல சேர வேண்டிய பிழைய ஒரு வைரஸ் சுருக்கிடுது. இதுக்கு தடுப்பூசி 2006லயே வந்தாச்சு, நம்ம ஊர் பொண்ணுங்க கைக்கு அது வந்து சேர எத்தனை வருஷம் இழுத்தடிச்சாங்கன்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. வீட்டுல 9லேர்ந்து 14 வயசுக்குள்ள பொண்ணு இருந்தா யாரும் சொல்ற வரைக்கும் காத்திருக்காம போட்டுடுங்க.

சரி, கேப்சூல். டெலோமரேஸ தடுக்குற மருந்துன்னு அமெரிக்காவுல அனுமதி வாங்கினது இமெடெல்ஸ்டாட், அதுவும் 2024லதான். அது கேப்சூல் இல்ல, நரம்புல ஏத்துறது. மார்புக் கேன்சருக்கும் இல்ல, எலும்பு மஜ்ஜை சரியா ரத்தம் ஊறாம அடிக்கடி ரத்தம் ஏத்திக்க வேண்டிய ஒரு நோய்க்கு. ஏத்தினா பிளேட்லெட்டும் வெள்ளை அணுவும் எறங்கும், ஏன்னா நம்ம ரத்தம் ஊறுற மூல செல்லுக்கும் டெலோமரேஸ் வேணும், கேன்சர மட்டும் பாத்து அடிக்கத் தெரியாது. என்சைம கண்டுபிடிச்சு 40 வருஷம் எத்தனையோ கம்பெனி முட்டி மோதி கெடச்சது இவ்வளவுதான், இவர் மட்டும் ரத்தப் பரிசோதனை கூட கேக்காம வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்குறார்னா அதுல என்ன இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. இன்னொண்ணு, இதே டெலோமியர் பேர சொல்லி நல்லா இருக்குறவங்ககிட்ட "டெலோமியர நீளமாக்கி இளமையா வெக்கும்"னு ஒரு கேப்சூல் விக்கிறாங்க, நோயாளி வீட்டுல "டெலோமியர சுருக்கி செல்ல சாகடிக்கும்"னு ஒரு கேப்சூல் விக்கிறாங்க, ரெண்டு டப்பாவையும் ஒரே ஆள் பையில நானே பாத்திருக்கேன். கேன்சர குணமாக்கும்னு விளம்பரம் பண்றது 1954ம் வருஷ சட்டப்படி குத்தம், முதல் தடவ மாட்டினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் குடுக்கலாம். சட்டம் இருக்கு, பஸ் ஸ்டாண்ட் சுவத்துல நோட்டீஸும் இருக்கு, புகார் குடுக்கப் போனா "இது எங்க டிபார்ட்மென்ட் இல்ல"ன்னு ஒவ்வொரு ஆபீஸா அலைய விடுறாங்க. அதுக்குள்ள மூணு மாச கோர்ஸ் முடிஞ்சு கட்டி அக்குளுக்கு வந்துடுது. அப்படி வந்தவங்க கட்டியோட ஸ்லைட மைக்ரோஸ்கோப்புல பாக்கும்போதெல்லாம் கை நடுங்குது, இவங்க மூணு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமேன்னு.

பயாப்ஸி பயத்துக்கு வருவோம். மார்புக் கட்டியில ஊசி விட்டா அந்த வழியில ஒண்ணு ரெண்டு செல்லு ஒதுங்கலாம், மறைக்கல. ஆனா ஒதுங்கின செல்லு எல்லாம் முளைக்காது, புது எடத்துல ஒட்டி ரத்தக்குழாய் இழுத்துக்கிட்டு வாழ அதுக்குன்னு இன்னும் பல மாற்றம் வேணும், பெரும்பாலும் அங்கயே செத்துடும், பின்னாடி ஆபரேஷனும் ரேடியேஷனும் அந்த எடத்தையும் சேத்துத்தான் பாத்துக்கும். பரவுறதும் பரவாததும் ஊசியால முடிவாகுறது இல்ல. ஒரு சென்டிமீட்டர் கட்டியிலயே சுமார் 100 கோடி செல்லு இருக்கும், அம்மா கட்டி 2 சென்டிமீட்டர், அதுக்கு வருஷக்கணக்கு ஆகியிருக்கும். அதனால பயாப்ஸி ரிப்போர்ட்டுக்காக பத்து நாள் போனா குடி முழுகாது, ஆனா வேணும்னே மூணு மாசம் தள்ளிப்போடறது வேற.

ஊசி வெக்கக் கூடாத எடம் ஒண்ணு இருக்கு, அத சொல்லியே ஆகணும், ஏன்னா இதுல நம்ம ஊர்ல தப்பு நடந்துக்கிட்டே இருக்கு. ஆம்பளைங்களுக்கு விதைப்பையில வலியில்லாத கெட்டியான கட்டி வந்தா அதுல விதைப்பை தோல் வழியா ஊசி வெக்கக் கூடாது, அங்க கீறவும் கூடாது. விதையோட நிணநீர் வயித்துக்குள்ள போகுது, விதைப்பை தோலோடது தொடையிடுக்குக்குப் போகுது, தோல கிழிச்சா நோய்க்கு நாமளே புது வழி போட்டுக் குடுத்த மாதிரி. ஸ்கேன், அப்புறம் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்னு மூணு ரத்தப் பரிசோதனை பாத்துட்டு, தொடையிடுக்கு வழியா விதைய முழுசா எடுத்துத்தான் பரிசோதிக்கணும். 20, 30 வயசுப் பசங்களுக்கு வர்றது இது, வெக்கப்பட்டு சொல்லாம இருந்து, கடைசியில "நீர்க்கட்டி"ன்னு யாரோ ஊசியில உறிஞ்சி விட்டுட்டு அனுப்புறாங்க. வயித்துக்குப் பரவின அப்புறமும் சிஸ்பிளாட்டின் மருந்துல பெரும்பாலானவங்களுக்கு குணமாகுது, "சாகாத செல்லு" வகையில சேர்ந்ததுதான் அதுவும், நல்லாவே சாகுது. தம்பி, உங்க அம்மா விஷயத்துக்கு இதுக்கும் சம்பந்தம் இல்ல, மார்புக்கு ஊசி வெக்கலாம், வெக்கணும். ஆனா உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு இத சொல்லி வைங்க.

உங்களுக்கு வரக்கூடிய அடுத்த கண்ணி வேற. "எதுக்கு ஊசி, நேரா கட்டிய எடுத்துடலாம், அரை மணி நேர வேலை, பேக்கேஜ் போட்டுத் தர்றேன்"னு ஏதாவது நர்ஸிங் ஹோம்ல சொல்வாங்க, கூட்டிட்டுப் போற புரோக்கருக்கு அதுல கமிஷன். ஒத்துக்காதீங்க. என்ன வகைன்னு தெரியாம வெட்டினா ஓரத்துல மிச்சம் விட்டுடுவாங்க, திரும்ப ஒரு தடவ வெட்டணும், சில வகைக்கு முதல்ல கீமோ குடுத்து சுருக்கிட்டு அப்புறம் ஆபரேஷன்னு இருக்கும், அந்த வாய்ப்பே போயிடும். எடுத்த சதைய சலைன்ல போட்டு ரெண்டு நாள் கழிச்சு அனுப்பிவிட்டவங்க உண்டு, அழுகிப்போன சதைய வெச்சு நான் என்னத்த சொல்றது? எடுத்த உடனே 10 சதவீதம் ஃபார்மலின்ல போடணும், குறைஞ்சது 6 மணி நேரம், 72 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. இந்த ஒரு சின்ன ஒழுங்க கூட கண்காணிக்க ஆள் இல்ல இங்க.

ரிப்போர்ட்ல "கேன்சர்"னு ஒரு வார்த்தை மட்டும் இருந்தா பத்தாது, ஈஆர், பிஆர் (கட்டி ஹார்மோன வெச்சு வளருதான்னு காட்டுற ரெண்டு), ஹெர்2 மூணும் பாக்கச் சொல்லுங்க. ஈஆர் பாசிட்டிவ்னா ஹார்மோன தடுக்குற மாத்திரை, விலை கம்மி, வருஷக்கணக்குல சாப்பிடணும். ஹெர்2 பாசிட்டிவ்னா டிராஸ்டுஜுமாப், அந்த அமுங்கி நிக்கிற "வளரு" பட்டனையே பிடிக்கிற மருந்து, 1998லேர்ந்து பயன்பாட்டுல இருக்கு. "அழியாத செல்லு ஜீன் டெஸ்ட்"னு 30, 40 ஆயிரத்துக்கு யாராவது லிஸ்ட் நீட்டினா வேண்டாம்னுடுங்க. சதைய மெழுகுல பதிச்சு வெச்ச பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வைங்க, "தொலைஞ்சுபோச்சு", "அப்புறம் வாங்க"ன்னு சொன்னா நகராதீங்க, அது இல்லாம வேற ஆஸ்பத்திரிக்குப் போனா மறுபடி ஊசிதான்.

காசு விஷயம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ குடுக்குற வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு கவுன்டர்ல அம்மாவோட நேர்ல போங்க, பதிவுக்குப் பணம் கிடையாது, "நான் முடிச்சுத் தர்றேன்"னு வாசல்ல நிக்கிறவனுக்கு எதுவும் குடுக்காதீங்க. சர்வர் இல்ல, ஆள் இல்லன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்புவாங்க, அம்மாவுக்கு உக்கார ஒரு நாற்காலி கூட இருக்காது, கோவம் வரும், அதுக்காக விட்டுட்டு வந்துடாதீங்க. புதுச்சேரி ஜிப்மர் உங்களுக்குப் பக்கம், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கு, காஞ்சிபுரம் காரப்பேட்டையில அரசு அண்ணா கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கு. பயாப்ஸிய உங்க டாக்டர்கிட்டயே எடுத்துட்டு, காப்பீட்டு வேலைய ரிப்போர்ட் வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க, ரிப்போர்ட் வந்ததும் மேமோகிராம் படம், பிளாக், ஸ்லைடு மூணையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.